கரூர் – தஞ்சாவூர் – கரூர்: மின்சாரக் காரில் 295 கிலோமீட்டர்

விடியற்காலை ஐந்தே கால். கரூர் வீட்டு வாசலில் காரின் சார்ஜ் பிளக்கைக் கழற்றினேன். திரையில் 100 சதவீதம். அதற்குப் பக்கத்தில் இன்னோர் எண்: 352 கிலோமீட்டர் போகலாம் என்று. முதல் எண்ணை நம்பலாம். இரண்டாவதை நம்ப வேண்டாம் என்பதை எட்டு மாதம் ஓட்டிக் கற்றிருக்கிறேன். தஞ்சாவூர் போய்ப் பெரிய கோயிலையும் அரண்மனையையும் பார்த்துவிட்டுக் கல்லணை வழியாக அன்று இரவே வீடு திரும்புவது என்பது திட்டம். அம்மா, மனைவி, எட்டாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன், நான் என ஐந்து பேர். டிக்கியில் சாப்பாட்டுக் கூடை, தண்ணீர் கேன், அம்மாவின் மடக்கு நாற்காலி.

இந்தக் காரை எந்த நிறுவனம் செய்தது என்பதை இங்கே எழுதவில்லை. காரணம், 40 கிலோவாட் மணி அளவுள்ள பேட்டரி, ஐந்து பேர் உட்காரும் இடம், 350 லிட்டர் டிக்கி என்ற இந்த அளவில் இப்போது பல நிறுவனங்களின் கார்கள் கிடைக்கின்றன. நடுத்தரக் குடும்பங்கள் மின்சாரக் கார் என்று தேடிப் போனால் பெரும்பாலும் இந்த வகையில்தான் வந்து நிற்கிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வியும் ஒன்றேதான்: “ஊருக்குள் ஓட்டுவதெல்லாம் சரி, குடும்பத்தோடு ஒரு வெளியூர் போய்வர முடியுமா?” அதற்கு ஒரு முழு நாள் ஓட்டிப் பார்த்துப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கரூர் பஸ் பாடி கட்டும் ஊர். சக்கரத்தின் மேல் எது வந்தாலும் சுற்றிவந்து தட்டிப் பார்த்துவிட்டுத்தான் இங்கே கருத்துச் சொல்வார்கள். நானும் அப்படியே பார்த்தேன்.

முதலில் இருக்கை. இந்த வகைக் கார்களில் பல, பெட்ரோல் காரின் உடலிலேயே பேட்டரியைத் தரைக்கு அடியில் அடுக்கிச் செய்தவை. அதனால் பின்சீட்டுக்கு முன்னால் இருக்கும் தரை கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது. இளைஞர்களுக்குத் தெரியாது. அறுபத்தெட்டு வயது அம்மாவுக்குப் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. தொடை சீட்டில் படியாமல் முழங்கால் மேலே தூக்கி நின்றது. காந்திகிராமம் தாண்டும் முன்பே வண்டியை ஓரங்கட்டி அம்மாவை முன்சீட்டுக்கு மாற்றினேன். முன்னால் அந்தச் சிக்கல் இல்லை. ஏறி இறங்கவும் உயரம் சரியாக இருந்தது. வயதானவர்கள் இருக்கும் வீட்டார் ஷோரூமுக்குப் போகும்போது அவர்களையும் கூட்டிப்போய்ப் பின்சீட்டில் கால் மணி நேரம் உட்கார வைத்துப் பாருங்கள். டச் ஸ்கிரீன் எத்தனை அங்குலம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

வண்டி மாயனூர் தாண்டியதும் அம்மா கேட்டார்: “ஏப்பா, வண்டி ஓடுதா, சரிவுல உருண்டு போகுதா? ஒரு சத்தத்தையும் காணோம்.” அதுதான் இந்தக் காரின் முதல் சுகம். குளித்தலை வரை காவிரியை ஒட்டிப் போகும் அந்தச் சாலையில் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் வாழைத்தோப்புக்குள் கூவும் குயிலின் குரல் காருக்குள் கேட்கிறது. ஆடி மாதம், ஆற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பின்சீட்டில் மகன் தூங்கிப் போனான். கியர் மாற்றும் குலுக்கல் இல்லை, எஞ்சின் அதிர்வும் இல்லை. முன்பு இருந்த டீசல் காரில் முசிறிப் பாலத்துக்கு எதிரே வரும்போதே வாந்தி என்பான். அன்று திருச்சி வரை கண்ணே திறக்கவில்லை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். முழு சார்ஜில் கிளம்பும் முதல் சில கிலோமீட்டரில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி வழக்கம்போல் இழுத்துப் பிடிக்காது. வேகம் குறையும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புவதால்தான் அந்தப் பிடிப்பு வருகிறது. பேட்டரி நிரம்பியிருந்தால் அனுப்ப இடமில்லை. எனவே நிரம்பிய காரில் கிளம்பும்போது பிரேக்கில் கால் தயாராக இருக்கட்டும். நாலைந்து சதவீதம் இறங்கியதும் பழைய பிடிப்பு வந்துவிடுகிறது.

இனி கணக்கு. மின்சாரக் காரின் கிலோமீட்டர் எண், நேற்றும் முந்தாநாளும் நாம் ஓட்டிய விதத்தை வைத்துப் போடும் ஊகம். ஊருக்குள் மெதுவாக ஓட்டியிருந்தால் அந்த எண் பெருத்திருக்கும். நெடுஞ்சாலைக்கு வந்ததும் சரசரவென்று இறங்கும். ஓட்டுபவருக்கு வயிற்றைக் கலக்கும். அதனால் நான் அந்த எண்ணை மறைத்துவிட்டுச் சதவீதத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன். பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு. பத்துக் கிலோமீட்டருக்கு எத்தனை சதவீதம் இறங்கியது என்று மகள் எழுதிக்கொண்டே வந்தாள். நோட்டின்படி போகும்போது பத்துக் கிலோமீட்டருக்கு மூன்றரை சதவீதம். ஐந்து பேர், ஏசி 25 டிகிரியில், வேகம் 75க்கும் 85க்கும் நடுவில். திருச்சியைச் சுற்றிக்கொண்டு துவாக்குடி, செங்கிப்பட்டி, வல்லம் என்று நாலுவழிச் சாலையில் போய்த் தஞ்சாவூரில் இறங்கியபோது ஓடியது 138 கிலோமீட்டர், மீதி 52 சதவீதம். ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டருக்குச் சற்று மேல். குடும்பத்தோடு போகும் காருக்கு இது நல்ல கணக்கு.

டிபனை முடித்துவிட்டுப் பெரிய கோயில் வாசலுக்குப் போனபோது மணி எட்டே முக்கால். கோடையோ ஆடியோ, தஞ்சையில் காலை பதினொரு மணிக்குமேல் கோயில் தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது. கல் சுட்டுவிடும். குழந்தைகளோடு வருபவர்கள் ஒன்பதுக்கு முன் உள்ளே போய்விட வேண்டும்.

மராட்டிய வாயிலைக் கடந்தால் கேரளாந்தகன் திருவாயில், அடுத்து இராசராசன் திருவாயில். அதைத் தாண்டியதும் ஒற்றைக் கல் நந்தி. நந்தி நாயக்கர் காலத்தது, கோயில் அதைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. முதலாம் இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டில், 1010இல், விமானத்தின் உச்சிக்குக் கலசம் கொடுத்தான். 200 அடிக்கு மேல் எழும் அந்த விமானம் முழுவதும் கருங்கல். தஞ்சையைச் சுற்றியோ வயல்கள்தான், மலையே கிடையாது. வரும் வழியில் அந்த வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்ததால் மகளுக்கு இது சட்டென்று புரிந்தது. “அப்பா, இவ்வளவு கல்லும் நாம வந்த தூரம் மாதிரி எங்கிருந்தோ வந்திருக்கணும்ல?” என்றாள். ஆமாம்மா, தொலைவிலிருந்து கொண்டுவந்த கல் என்றேன்.

கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளுக்கு முன்னால் நாங்கள் வெகுநேரம் நின்றோம். மன்னன் கொடுத்தது, அவன் அக்கா குந்தவை கொடுத்தது, தேவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது என்று ஒன்று விடாமல் அதில் எழுதியிருக்கிறது. பொன் நகைகளின் எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி வரை பதிந்திருக்கிறது. அந்தப் பொன்னை எடைபோட்ட கல்லுக்கே ‘ஆடவல்லான்’ என்று ஆடும் இறைவனின் பெயரை வைத்திருந்தார்கள். நானூறு தளிச்சேரிப் பெண்களின் பெயரும், அவர்கள் குடியிருந்த தெருவும், எத்தனையாவது வீடு என்பதும் இந்தக் கோயிலின் கல்வெட்டில் இருக்கின்றன. கொடுத்ததும் பெற்றதும் யாரும் வந்து படித்துச் சரிபார்க்கும்படி சுவரில் வெட்டி வைத்த ஊர் இது. கையில் நோட்டோடு நின்ற மகளிடம், நீ எழுதுவதும் இதே வேலைதான் என்றேன். அவள் ஒரு வரியில் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். ‘க’வும் ‘ட’வும் தெரிகிறது என்று துள்ளினாள். அந்த நிமிடத்துக்காகவே இன்னும் நூறு கிலோமீட்டர் ஓட்டலாம்.

கரூர்க்காரர்களுக்கு இந்தக் கோயிலில் இன்னோர் உறவும் உண்டு. விமானத்துக்குப் பின்னால், மேற்குப் பக்கம், கருவூர்த் தேவருக்கு ஒரு சந்நிதி. எங்கள் ஊர்ப் பெயரையே தன் பெயராகக் கொண்ட அந்தச் சித்தர் இராசராசேச்சரம் எனப்படும் இந்தக் கோயிலைப் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. கரூர் பசுபதீசுவரர் கோயிலிலும் அவருக்குச் சந்நிதி உண்டு. அம்மா அங்கே விளக்குப் போடுபவர். இங்கே அவரைப் பார்த்ததும் மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்து, “நம்மூர் சாமிய இங்க வந்து பாக்குறதுக்கு எனக்கு இத்தனை வருஷம் ஆயிருக்கு” என்றார். கண் கலங்கியிருந்தது. அங்கிருந்து அவரை எழுப்பிக் கூட்டிவர எங்களுக்கு அரைமணி நேரம் ஆனது.

பதினொன்றே கால் மணிக்கு அரண்மனை நோக்கிக் கிளம்பினோம். தூரம் இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் ராஜ வீதிகளில் ஓட்டும்போதுதான் இந்தக் காரின் சத்தமின்மை வேறொரு முகம் காட்டியது. முன்னால் ஒரு பெரியவர் பூக்கூடையோடு நடுரோட்டில் நடந்துகொண்டிருந்தார். பின்னால் கார் வருவதே அவருக்குத் தெரியவில்லை. ஹாரன் அடித்தால் துள்ளி விழுவார். அடிக்காவிட்டால் விலக மாட்டார். கடைசியில் கண்ணாடியை இறக்கி, “ஐயா, கொஞ்சம் ஓரமா வாங்க” என்று குரல் கொடுத்தேன். ஊருக்குள் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் போகும் மின்சாரக் காருக்கு மெல்லிய, ஆனால் கேட்கும்படியான ஓர் ஓசை கட்டாயம் வேண்டும். எங்கள் காரில் அது இல்லாததை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன். தேரோடும் வீதிகளுள்ள எந்த ஊரிலும் மக்கள் சாலையைக் காதால்தான் கடக்கிறார்கள்.

அதே சத்தமின்மை அடுத்த ஒரு மணி நேரத்தில் பெரிய உதவி செய்தது. அரண்மனைப் படிகள் அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது. வெயிலும் ஏறிவிட்டது. காரை வேப்பமர நிழலில் நிறுத்தி, ஏசியை 26இல் வைத்து, முன்சீட்டைச் சாய்த்துக் கொடுத்தேன். மனைவி கூட இருந்தாள். நாங்கள் மூவரும் திரும்பி வந்ததும் அவள் போய்ப் பார்த்துவர ஏற்பாடு. நின்ற காரில் ஏசி போட்டுத் தூங்குவது பெட்ரோல், டீசல் காரில் ஆபத்து. எஞ்சின் புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்தால் உயிருக்கே முடிவு. இங்கே எஞ்சினும் இல்லை, புகையும் இல்லை. அம்மா ஐம்பது நிமிடம் அயர்ந்து தூங்கினார். அதற்கு ஆன செலவு இரண்டு சதவீதத்துக்குள். வயதான பெற்றோரைக் கோயில் ஊர்களுக்குக் கூட்டிப் போகிறவர்களுக்கு மின்சாரக் காரை நான் பரிந்துரைக்க முதல் காரணம் இதுதான். பெட்ரோல் செலவெல்லாம் அதற்குப் பிறகு.

அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனரின் செப்புத் திருமேனியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் போதாது. பெரிய கோயில் கலசம் ஏறியதற்கு மறு ஆண்டு, 1011ஐச் சேர்ந்தது. காளையின் மேல் கையை ஊன்றிச் சாய்ந்து நிற்கும் கோலம். ஆனால் காளை கிடைக்கவில்லை. வெறும் காற்றின் மேல் அந்தக் கை ஊன்றியிருக்கிறது. அப்படியும் சாய்மானம் குலையவில்லை. தலையில் பாம்பைச் சுருட்டித் தலைப்பாகை கட்டியதுபோல் சடை. மகன் அதே மாதிரி ஒரு காலை மடக்கிக் கையை நீட்டி நின்று பார்த்தான், விழுந்தான், மறுபடி நின்றான். சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடத்தில் இரண்டாம் சரபோஜியின் ஆர்வங்களைப் பார்த்தோம். கண் நோயாளிகளின் படத்தை வரையச் செய்து, சிகிச்சையையும் பதிவு செய்துவைத்த மன்னர் அவர். அந்தக் குறிப்புகளைப் பற்றிச் சொன்னதும் மகள் தன் நோட்டில் இன்னொரு பக்கம் திருப்பினாள்.

ஒன்றரை மணிக்குக் கார் திரையில் 44 சதவீதம். வந்த வழியே திரும்புவதற்குக்கூட 48 வேண்டும். கல்லணை சுற்று அதைவிட அதிகம். சாப்பாட்டு நேரத்தில் சார்ஜ் போடுவது என்று முன்பே தீர்மானித்திருந்தோம்.

இங்கேதான் அந்த நாளின் ஒரே எரிச்சல். கைபேசிச் செயலி ஒரு சார்ஜிங் நிலையத்தைப் பச்சை நிறத்தில் காட்டியது. ‘தயார்’ என்று பொருள். போய்ப் பார்த்தால் எந்திரத்தின் திரை இருண்டு கிடந்தது. காவலாளி, “நாலு நாளா இப்படித்தான் சார் கிடக்குது, வர்றவங்கள்லாம் திரும்பிப் போறாங்க” என்றார். நாலு நாளாகச் செத்துக் கிடக்கும் எந்திரத்தைச் செயலி உயிரோடு இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. பசியோடு இரண்டு குழந்தைகள் இருக்கும் காரில் இது சின்ன விஷயம் அல்ல. எங்களிடம் 44 சதவீதம் இருந்ததால் பதறவில்லை. பத்துச் சதவீதத்தோடு வந்திருப்பவர் என்ன செய்வார்? அதனால் ஒரு விதி: வெளியூரில் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் முன்பே முதல் முயற்சியைத் தொடங்கிவிட வேண்டும். இரண்டாவது, மூன்றாவது நிலையங்களையும் முன்பே குறித்து வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது நிலையம் பைபாஸில் ஓர் உணவகத்தின் வளாகத்தில் இருந்தது. அங்கே ஏற்கெனவே ஒரு கார் நின்றது. 91 சதவீதம் ஏறியிருந்தும் கழற்ற ஆளில்லை. நல்லவேளை, கண்ணாடிக்குப் பின்னால் அவர் தன் கைபேசி எண்ணை எழுதி வைத்திருந்தார். கூப்பிட்டதும் கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்தார். ஆளுக்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிக்கொண்டோம். வேக சார்ஜர் 80 சதவீதத்துக்கு மேல் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும். கடைசி இருபது சதவீதத்துக்கு ஆகும் நேரத்தில் அடுத்த கார் பாதி நிரம்பிவிடும். எனவே 80 வந்ததும் கழற்றிவிடுவது மரியாதை. எண்ணை எழுதி வைப்பது அதைவிடப் பெரிய மரியாதை.

சார்ஜர் கேபிள் தண்ணீரில் நனைந்த தாம்புக்கயிறுபோல் கனத்தது. இரண்டு கையாலும் தூக்கிப் பொருத்தினேன். ‘டக்’ என்று பூட்டிக்கொண்டது. காரின் முன்பக்க விசிறி உரக்கச் சுழன்றது. நெடுஞ்சாலையிலும் வெயிலிலும் சூடேறிய பேட்டரியைக் குளிர்விக்கும் சத்தம். எந்திரத்தின் திரையில் 28 கிலோவாட். சாப்பிட்டு முடிப்பதற்குள் 80ஐத் தொட்டுவிட்டது. அதன்பின் 12 கிலோவாட்டுக்கு இறங்கியது. யாரும் காத்திருக்கவில்லை என்பதால் 84 வரை விட்டேன். மொத்தம் நாற்பது நிமிடம், 17.2 யூனிட், வரியெல்லாம் சேர்த்து 378 ரூபாய். பணம் கட்டத்தான் கஷ்டம். இந்த நிலையத்துக்கு ஒரு செயலி, முன்பு போனதற்கு வேறொரு செயலி. ஒவ்வொன்றிலும் முன்பணம், ஒவ்வொன்றிலும் கடவுச்சொல். பெட்ரோல் பங்கில் போல யூபிஐ ஸ்கேன் செய்து கட்டிவிட்டுப் போக வழி வந்தால், இந்தக் காரை வாங்கத் தயங்கும் பாதிப் பேரின் தயக்கம் போய்விடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

மூன்றரை மணிக்குத் திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணைக்குப் புறப்பட்டோம். குறுகலான ஊர்ச்சாலை, இருபுறமும் குறுவைப் பயிர், வேகம் ஐம்பதைத் தாண்டவில்லை. கல்லணையில் மதகுகளின் மேல் நடந்தபடி, காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புது ஆறு என்று நீர் பிரிவதைக் குழந்தைகளுக்குக் காட்டினேன். இந்தப் புது ஆறுதான், காலையில் பெரிய கோயிலின் அகழிக்குப் பக்கத்தில் நாம் பார்த்த கால்வாய் என்றதும் இருவருக்கும் நம்பிக்கை வரவில்லை. கரிகாலன் பெயர் சொல்லும் அந்த அணை ஆற்று மணலில் கல்லைப் புதைய விட்டு எழுப்பியது. இன்றும் வேலை செய்கிறது. அம்மா படியில் உட்கார்ந்து தண்ணீரில் காலை வைத்துக்கொண்டார்.

திருச்சிக்கு வந்தபோது 60 சதவீதம். வீடு இன்னும் எண்பது கிலோமீட்டர். காலைக் கணக்குப்படி 28 சதவீதம் போதும். ஆனால் செலவானது 36.

காரணம் காற்று. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் மேல்காற்று கரூர்ப் பக்கம் எப்படி அடிக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அம்மியையே பறக்கவிடும் காற்று என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். காலையில் கிழக்கே போனபோது காற்று அவ்வளவாக எழவில்லை. எழுந்ததும் முதுகில் தள்ளியது. மாலையில் மேற்கே திரும்பியபோது முகத்தில் மோதியது. காற்றின் எதிர்ப்பு, வேகம் ஏறுவதுபோல் நேராக ஏறாது, வேகத்தின் வர்க்கமாக ஏறும். 80இல் போகும் காருக்கு எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால் காரைப் பொறுத்தவரை அது 100இல் போவதற்குச் சமம். பெட்ரோல் காரிலும் இதே இழப்பு உண்டு. மூலைக்கு மூலை பங்க் இருப்பதால் நாம் கவனிப்பதில்லை. பெட்டவாய்த்தலை அருகில் மகள் நோட்டைப் பார்த்து, “அப்பா, பத்துக்கு நாலரைக்கு மேல ஆகுது” என்றாள். வேகத்தை 70க்கு இறக்கினேன். குளித்தலை தாண்டியதும் நான்காகக் குறைந்தது. எட்டே கால் மணிக்கு வீட்டு வாசலில் நின்றபோது 24 சதவீதம்.

மொத்தம் 295 கிலோமீட்டர். இரவு வீட்டில் திரும்ப ஏற்றியது சுமார் 34 யூனிட். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வைத்தால் 272 ரூபாய். வழியில் கட்டியதையும் சேர்த்தால் 650 ரூபாய். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காரில் இதே பயணம் இரண்டாயிரத்தைத் தொட்டிருக்கும். டோல்கேட்டில் சலுகை இல்லை. மின்சாரக் காரின் பச்சை பிளேட்டுக்கும் அதே கட்டணம்தான்.

ஆக, வீட்டில் பதினைந்து ஆம்பியர் பிளக் போட வசதி இருக்கிறதா, ஒரு நாள் பயணம் போக வர முந்நூறு கிலோமீட்டருக்குள் அடங்குகிறதா, மதியம் ஒரு மணி நேரம் நிற்க மனமிருக்கிறதா, அப்படியானால் இந்த அளவுக் கார் உங்களுக்குப் போதும், தயங்காமல் வாங்கலாம். அபார்ட்மென்டில் சார்ஜ் போட இடமில்லாதவர்களும், மாதம் நாலு முறை நானூறு கிலோமீட்டர் ஓடுபவர்களும் இப்போதைக்கு வேண்டாம். நெடுந்தூரம் ஓடுபவர்கள் 50 கிலோவாட் மணிக்கு மேல் உள்ள காரைப் பார்க்கலாம்.

கடைசியாக, கோயில் ஊர்களை நிர்வகிப்பவர்களுக்கு ஒரு கோரிக்கை. பெரிய கோயில் வாசலில் எங்கள் கார் இரண்டரை மணி நேரம் சும்மா நின்றது. அங்கே விலை உயர்ந்த வேக சார்ஜர் வேண்டாம். வீட்டுச் சுவரில் மாட்டும் 7 கிலோவாட் சார்ஜர் ஒன்று இருந்திருந்தால், நாங்கள் கல்வெட்டைப் படித்து முடிப்பதற்குள் 17 யூனிட் ஏறியிருக்கும். மதியம் இரண்டு நிலையம் அலைந்து, காத்திருந்து, வாங்கியதும் அதே 17 யூனிட்தான். தஞ்சாவூர், மதுரை, திருவரங்கம், சிதம்பரம், காஞ்சிபுரம் என எந்த ஊரிலும் மக்கள் வண்டியை நிறுத்துவது கோயிலுக்குப் பக்கத்தில்தான். அந்த வண்டி நிறுத்துமிடங்களில் நாலு பிளக் வையுங்கள். அது வேலை செய்கிறதா இல்லையா என்பதை அன்றன்றைக்கு உண்மையாக எழுதி வையுங்கள்.